முதல் ஆர்.சி. ஹெலிகாப்டராக எதை வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் பொம்மை ஹெலிகாப்டர் ஒன்றை ஆறு மாதமாகக் கூடத்தில் ஓட்டி நன்றாகப் பழகிவிட்டீர்கள். இனி வெளியில் பறக்கக்கூடிய, உண்மையான ஹெலிகாப்டரைப் போலவே நடந்துகொள்ளும் ஆர்.சி., அதாவது வானொலிக் கட்டுப்பாட்டு, ஹெலிகாப்டர் ஒன்று வேண்டும். 25,000 ரூபாய் வரை செலவிட முடியும். கடைக்காரர் 450 அளவு எனப்படும் பெரிய மாடலைப் பரிந்துரைக்கிறார். நண்பரோ டிரோன் வாங்கினால் போதும் என்கிறார். வேளச்சேரியில் வீட்டு மொட்டை மாடியில் பறக்கவிட எண்ணியிருக்கிறீர்கள். பதினோரு வயது மகனும் கூடவே கற்றுக்கொள்ள விரும்புகிறான்.

என் பதில் இது. 100 கிராமுக்கும் குறைவான எடையுள்ள, சுழலும் பிளேடுகளின் (இறக்கைகளின்) கோணம் மாறும் கலெக்டிவ் பிட்ச் வகையைச் சேர்ந்த சிறிய ஹெலிகாப்டர் ஒன்றை வாங்குங்கள், எக்ஸ்.கே. கே110 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதை வாங்குவதற்கு முன்பே நல்ல டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடித்து இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) ஒன்றையும் கணினியில் ஓடும் சிமுலேட்டர் ஒன்றையும் வாங்கி, ஒரு மாதமாவது அதில் பழகுங்கள். 450 அளவு மாடலை இப்போது வாங்காதீர்கள். முதல் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு அழகாகப் பறக்கிறது என்பதைவிட, கீழே விழுந்த பிறகு எவ்வளவு செலவில், எத்தனை நாளில் மறுபடி பறக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். கற்றுக்கொள்பவர் கையில் ஹெலிகாப்டர் விழாமல் இருக்காது; பலமுறை விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் பயிற்சி மூன்று வாரம் நின்றுபோனால், கை பழகியதை மறந்துவிடும்.

உங்களிடம் இப்போது இருக்கும் பொம்மை எதைக் கற்றுத்தந்திருக்கிறது என்பதைச் சரியாக அளவிட்டுக்கொள்வது முக்கியம், ஏனெனில் பலர் ஏமாறுவது இங்கேதான். சைமா எஸ்107 போன்ற அந்த வகை ஹெலிகாப்டரில் ஒரே அச்சில் இரண்டு ரோட்டார்கள், அதாவது சுழலும் பிளேடுத் தொகுதிகள், எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்றின் எதிர்விசையை மற்றொன்று ஈடுசெய்வதால் உடல் சுற்றாமல் நிற்கிறது. மேலே எடை பொருத்திய தண்டு ஒன்று ரோட்டாரின் சாய்வைத் தானாகவே சமன்செய்கிறது. வாலில் படுத்த நிலையில் இருக்கும் சிறு விசிறி மூக்கைத் தாழ்த்தியோ உயர்த்தியோ முன்னும் பின்னும் நகர்த்துகிறது. பக்கவாட்டில் சாய்க்கும் வசதி அதில் கிடையாது. கையை எடுத்துவிட்டால் அது தானே நிலைக்கு வந்துவிடும். ஆகவே ஏற்ற இறக்கத்தையும், மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துத் திருப்புவதையும் நீங்கள் கற்றிருக்கிறீர்கள், அது வீணல்ல. ஆனால் ஹெலிகாப்டர் ஓட்டுவதன் உயிர்நாடியான, ரோட்டார் தட்டின் (சுழலும் பிளேடுகள் தட்டுப் போலத் தெரியும் வட்டத்தின்) சாய்வைக் கையால் நொடிக்கு நொடி பிடித்து வைத்திருக்கும் பழக்கம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டரில் நிலைமை முற்றிலும் வேறு. பெரிய ரோட்டார் ஒரு திசையில் சுற்ற, உடல் எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கிறது. வால் ரோட்டார் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. அந்த வால் ரோட்டாரின் தள்ளுவிசையே ஹெலிகாப்டரை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துவதால், அசையாமல் நிற்பதற்குக்கூட ரோட்டாரைச் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முன்னால் சாய்த்துவிட்டுக் கையை நடுவுக்குக் கொண்டுவந்தால், சாய்வு அப்படியே நிற்கும். ஹெலிகாப்டர் வேகமெடுத்துக்கொண்டே போகும். நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் சாய்த்து, நின்ற கணத்தில் மறுபடி சமன்படுத்த வேண்டும். தட்டின் மேல் கோலிக்குண்டை உருளாமல் நிறுத்துவதைப் போன்ற வேலை இது. கண்ணுக்குத் தெரிந்த நகர்வைத் திருத்துவது தாமதம். நகர்வதற்கு முன்னால் தெரியும் சாய்வையே திருத்தப் பழக வேண்டும்.

இந்தக் கஷ்டம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. வானொலிக் கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரை நம்பகமாகப் பறக்கவைத்த முன்னோடியாகக் கருதப்படுபவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1960களின் இறுதியில் அவரும் அவர் காலத்தவர்களும் போராடியதெல்லாம் இந்த நிலையின்மையோடுதான். ரோட்டாருக்குக் குறுக்கே துடுப்புகள் கொண்ட தண்டு ஒன்றைப் பொருத்தி, சாய்வின் வேகத்தை மட்டுப்படுத்திய பிறகே மனிதக் கையால் சமாளிக்கக்கூடிய ஹெலிகாப்டர் பிறந்தது. ஃபிளைபார் எனப்படும் அந்தத் தண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆட்சி செய்தது. பின்னர் கைப்பேசியில் இருப்பதைப் போன்ற சாய்வையும் சுழற்சியையும் உணரும் சின்னஞ்சிறு ஜைரோச் சில்லுகள் மலிவானதும், அந்த வேலையை மின்னணுவியல் எடுத்துக்கொண்டது. உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர்கூட இன்று பெரிய ஹெலிகாப்டரைப் போலத் துல்லியமாக நடந்துகொள்வதற்கு அந்தச் சில்லுகளே காரணம். நான் சிறிய மாடலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பதற்கும் அதுவே காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஒற்றை ரோட்டார் வகையில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஃபிக்ஸட் பிட்ச் வகையில் பிளேடுகளின் கோணம் மாறாது. மேலே ஏற ரோட்டார் வேகமாகச் சுழல வேண்டும், இறங்க மெதுவாகச் சுழல வேண்டும். டபிள்யூ.எல். டாய்ஸ் வி911 இந்த வகை. விலை குறைவு, அடிபட்டாலும் தாங்கும், நான்கு சேனல்களும் (தனித்தனிக் கட்டுப்பாடுகளும்) உண்டு. ஆனால் ரோட்டார் வேகமெடுக்கச் சற்று நேரம் பிடிப்பதால், ஏற்ற இறக்கம் எப்போதும் ஒரு கணம் பிந்தியே நடக்கும். லேசான காற்று அடித்தாலே மேலே தூக்கிக்கொண்டு போகும். கீழே கொண்டுவர வேகத்தைக் குறைத்தால் கட்டுப்பாடும் சேர்ந்து குறையும். கலெக்டிவ் பிட்ச் வகையில் ரோட்டார் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுழல்கிறது; பிளேடுகளின் கோணம் மட்டும் மாறுகிறது. ஏறு என்றால் உடனே ஏறும், இறங்கு என்றால் உடனே இறங்கும். காற்று தூக்கினால் கோணத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக் கீழே அழுத்தலாம். நீங்கள் பார்த்து மயங்கிய தலைகீழ்ப் பறப்பெல்லாம் இதனால்தான் முடிகிறது. தொடக்கக்காரருக்கு ஃபிக்ஸட் பிட்ச்தான் ஏற்றது என்ற அறிவுரையை நிறைய இடங்களில் படிப்பீர்கள். பொம்மையோடு ஆறு மாதம் செலவிட்டு, சிமுலேட்டரிலும் பழகத் தயாராக இருக்கும் உங்களுக்கு அது தேவையில்லாத இடைப்படி என்றே நினைக்கிறேன். சிமுலேட்டருக்கு நேரமில்லை என்றால் மட்டும் வி911இலிருந்து தொடங்குங்கள்.

இனி 450ஐப் பற்றி. கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய ஹெலிகாப்டர் காற்றில் அலையாமல் நிற்கும், தொலைவிலும் திசை தெளிவாகத் தெரியும், அசைவுகள் நிதானமாக இருக்கும். ஆகவே ஓட்டுவதற்கு மட்டும் என்று பார்த்தால் பெரியதே எளிது. அவர் சொல்லாமல் விட்டது அடிபடும்போது நடப்பதை. 450 அளவு மாடலின் பிளேடு ஒன்றின் நீளம் பொதுவாக 325 மி.மீ.; ரோட்டாரின் குறுக்களவு 70 செ.மீ.யைத் தாண்டும். அது நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழலும்போது பிளேடு முனையின் வேகம் மணிக்கு 370 கி.மீ.க்கு மேல். இன்னும் பெரிய 700 அளவில், குறுக்களவு 1.58 மீட்டர், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று கணக்கிட்டால், முனையின் வேகம் மணிக்கு 600 கி.மீ.யை நெருங்குகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் தன் பெரிய ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் அதன் பிளேடு தாக்கி அங்கேயே உயிரிழந்தார். அவர் தொடக்கக்காரர் அல்லர், நன்றாகப் பழகியவர். 450 அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் விரலைத் துண்டிக்கவும் கண்ணைப் பறிக்கவும் அதற்குப் போதிய வேகம் உண்டு. பதினோரு வயதுக் குழந்தை அருகில் நிற்கும் மொட்டை மாடியில் அதைச் சுழலவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செலவுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 450 ஒன்று இடுப்புயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தால் இரண்டு மெயின் பிளேடும், ரோட்டாரைச் சுழற்றும் மெயின் ஷாஃப்டும், பிளேடுகளைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்டும், வால் குழாயும், பல நேரங்களில் மெயின் கியரும் ஒன்றாகப் போகும். பிளேடுகளைச் சாய்க்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பற்கள் உடைந்தால் அது தனி. பாகங்களை மாற்றிய பிறகு பிளேடுகள் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா, சர்வோக்கள் அசைக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டு சமமாக இருக்கிறதா, ஜைரோ சரியான பக்கம் திருத்துகிறதா என்று எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். நான் தொடங்கியது 450இல்தான். இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து பூட்டினேன். உலோகத்தோடு உலோகம் சேரும் ஒவ்வொரு திருகிலும் நீல நிறப் பூட்டுப்பசை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், ரோட்டார் தலையில் ஒரு திருகை விட்டுவிட்டேன். முதல் நாள் தரையிலேயே வேகமெடுக்கும்போது அது கழன்று, பிளேடு வால் குழாயை வெட்டியது. பறக்காமலேயே ஒரு மாதம் போனது. அந்த மாதத்தில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டது எதுவுமில்லை. இயந்திரத்தைச் சரிசெய்வதும் ஓட்டுவதும் இரண்டு தனிக் கலைகள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், விழுந்ததற்குக் காரணம் கையா இயந்திரமா என்பதே தெரியாது.

பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருந்து, அவருடைய டிரான்ஸ்மிட்டரோடு உங்களுடையதை இணைத்து, தவறும்போது அவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும் முறையில் வாரந்தோறும் கற்றுத்தருவார் என்றால், நான் சொன்னதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு 450ஓ 500ஓ வாங்கலாம். அப்படியொருவர் கிடைத்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

கே110 போன்ற சிறியதில் ரோட்டாரின் குறுக்களவு ஏறத்தாழ 25 செ.மீ. மெயின் மோட்டார் தேயும் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் வகை; வாலில் தனியாக ஒரு சிறு மோட்டார். ஒரே செல் கொண்ட 450 எம்.ஏ.எச். பேட்டரியில் ஐந்து நிமிடம் வரை பறக்கும். மூன்றடி உயரத்திலிருந்து புல்லில் விழுந்தால் பெரும்பாலும் எடுத்துத் துடைத்து மறுபடி பறக்கவிடலாம். விழும் கணத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டால் தரையிலும் பிழைக்கும். அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். வால் மோட்டார் பிரஷ் வகை என்பதால் தேய்ந்துபோகும். அதை மாற்ற வேண்டிய பாகமாகவே கணக்கில் கொள்ளுங்கள். திடீரென்று வேகமாக ஏற்றினால் அந்தச் சிறு வால் தாக்குப்பிடிக்க முடியாமல் உடல் ஒரு சுற்று சுற்றிவிடும். பதினைந்து இருபது மீட்டருக்கு அப்பால் போனால் மூக்கு எது வால் எது என்று கண்ணுக்குத் தெரியாது. கேனபி எனும் உடல் மூடியின் முன்பக்கத்திலும் வால் துடுப்பிலும் இரண்டு மாறுபட்ட அடர்நிற டேப் ஒட்டுவது இதற்கு எளிய மருந்து.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஓ.எம்.பி. ஹாபி எம்2, கூஸ்கி எஸ்2 போன்றவை அடுத்த படி. இவற்றில் மெயின் ரோட்டாரையும் வாலையும் பிரஷ்லெஸ் மோட்டார்கள் கியரே இல்லாமல் நேரடியாகச் சுழற்றுவதால், உடைய வேண்டிய கியர் அங்கே இல்லை. காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் இவை 250 கிராமைத் தாண்டியவை. அடித்தால் காயம் நிச்சயம். முதலாவதாக அல்ல, இரண்டாவதாக வாங்குங்கள்.

எந்த மாடலாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஐந்து பாகங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மெயின் பிளேடு, மெயின் கியர், மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், வால் மோட்டார். ஐந்தும் இப்போதே கையிருப்பில் உண்டு என்றால் வாங்கலாம். வரவழைத்துத் தருகிறேன் என்றால் வேறு இடம் பாருங்கள். இந்தக் கேள்வி இந்தியாவில் கூடுதல் அழுத்தம் பெறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 அன்று வெளியான அறிவிப்பின்படி, முழுமையாகவோ பிரித்த நிலையிலோ டிரோன்களை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஹெலிகாப்டர் பார்சலைச் சுங்க அதிகாரி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவே வெளிநாட்டுத் தளத்தில் குறைந்த விலையைப் பார்த்து முன்பணம் கட்டுவதைவிட, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் சரக்கைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே நல்லது. பேட்டரியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் அதையும் உள்ளூரிலேயே பாருங்கள்.

உங்கள் 25,000 ரூபாயில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகையை டிரான்ஸ்மிட்டருக்கும் சிமுலேட்டருக்கும் ஒதுக்குங்கள் என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். ஹெலிகாப்டர் உடையும், மாறும், விற்கப்படும். டிரான்ஸ்மிட்டர் பத்து ஆண்டு உங்கள் கையில் இருக்கும். பெட்டியோடு சேர்ந்து வரும் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே உதவும். குச்சிகளும் தளர்வாக இருக்கும். ரேடியோமாஸ்டர் நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டர்களில் பல நிறுவனங்களின் மொழிகளைப் பேசும் மல்டி புரோட்டோகால் வகையை வாங்கினால், ஃபுட்டாபா நிறுவனத்தின் எஸ்-எஃப்.எச்.எஸ்.எஸ். என்ற வானொலி முறையில் கே110ஐ இணைக்கலாம், யு.எஸ்.பி. கேபிள் வழியே அதே டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் செருகிச் சிமுலேட்டரையும் ஓட்டலாம். ஸ்பெக்ட்ரம், ஃபுட்டாபா நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்களும் தரத்தில் குறைந்தவை அல்ல, விலைதான் உங்கள் வரம்புக்குள் அடங்காது. வாங்கும்போது மோட் 2 என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஏற்ற இறக்கமும் வாலும் இடக்குச்சியில், ரோட்டாரின் சாய்வு வலக்குச்சியில் இருக்கும். மோட் 1இல் ஏற்ற இறக்கம் வலக்கைக்கு வரும். இரண்டும் நல்லவைதான், ஆனால் நீங்கள் சேர்ந்து பறக்கப்போகும் நண்பர்கள் எதில் ஓட்டுகிறார்களோ அதையே எடுப்பது வசதி. ஒருமுறை கை பழகிவிட்டால் மாற்றுவது மிகக் கடினம்.

சிமுலேட்டர்களில் ரியல்ஃபிளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட், அக்யூஆர்.சி. ஆகியவை ஹெலிகாப்டருக்குப் பெயர் பெற்றவை. எதை எடுத்தாலும் சரி. அதில் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம், பலர் அதைச் செய்வதில்லை. முதல் நாளே தலைகீழாகச் சுழற்றிப் பார்த்துவிட்டு அலுத்துப்போகிறார்கள். நீங்கள் தினமும் இருபது நிமிடம் மட்டும் உட்காருங்கள். முதலில் வாலை உங்கள் பக்கம் வைத்து, ஒரு சிறு கட்டத்துக்குள் இரண்டு நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். அது அலுப்பூட்டும் அளவுக்கு எளிதான பிறகு வலப்பக்கம் தெரியும்படி திருப்பி நிறுத்துங்கள், பிறகு இடப்பக்கம். கடைசியாக மூக்கை உங்கள் பக்கம் வையுங்கள். இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனெனில் இடமும் வலமும் மாறிவிடுகின்றன, முன்னும் பின்னும் மாறிவிடுகின்றன. எனக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். மூக்கு உங்களைப் பார்த்திருக்கும்போது, ரோட்டார் தட்டின் எந்தப் பக்கம் தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே வலக்குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சில நாள்களில் யோசிக்காமலே கை போகும். இந்த நான்கு திசைகளிலும் நிறுத்தத் தெரிந்த பிறகு வெளியே வந்தால், முதல் பேட்டரியிலேயே உங்கள் ஹெலிகாப்டர் உயிரோடு வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம்.

உண்மையான ஹெலிகாப்டரைக் கையில் எடுக்கும் முன் டிரான்ஸ்மிட்டரில் ஒன்றை அமைத்தே தீர வேண்டும். திராட்டில் ஹோல்ட் எனப்படும் சுவிட்ச், வேறு எந்தக் குச்சி எங்கே இருந்தாலும், மோட்டாரை உடனே நிறுத்திவிடும். அதை விரல் எட்டும் இடத்தில் வைத்து, சிமுலேட்டரிலும் ஒவ்வொரு முறை விழும்போதும் அழுத்திப் பழகுங்கள். மோட்டார் நின்றுபோன ஹெலிகாப்டர் விழுந்தால் ஒரு கீறல். சுழன்றுகொண்டே விழுந்தால் கியரும் ஷாஃப்டும் பிளேடும் போகும். பேட்டரியை இணைக்கும்போதும் கழற்றும்போதும் ஹோல்ட் போட்டிருக்க வேண்டும். அடுத்து, கீழிறக்கும் பக்கம் பிளேடு கோணம் மிகுதியாக எதிர்மறைக்குப் போகாதபடி, குச்சியின் நிலைக்கேற்பப் பிளேடு கோணத்தை வகுக்கும் பிட்ச் வளைவை டிரான்ஸ்மிட்டரில் அமைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக்காரர் பதற்றத்தில் இடக்குச்சியை முழுவதும் கீழே இழுத்துவிடுவார். தலைகீழ்ப் பறப்புக்கான அமைப்பில் அது ஹெலிகாப்டரைத் தரையில் ஓங்கி அறைந்துவிடும்.

கே110இல் சாய்வைத் தானே சமன்செய்யும் 6ஜி நிலையும், அந்த உதவி இல்லாத 3டி நிலையும் ஒரே சுவிட்சில் உண்டு. முதல் சில நாள்கள் 6ஜியில் பறப்பதில் தவறில்லை. ஆனால் சிமுலேட்டரில் உதவியின்றிப் பழகிய கைக்கு அது சற்று இழுத்துப் பிடிப்பதாகத் தோன்றும். அப்படித் தோன்றத் தொடங்கும் நாளே மாற்ற வேண்டிய நாள்.

கூடத்தில் பறக்கவிடாதீர்கள். மூடிய அறையில் ரோட்டார் கீழே தள்ளும் காற்று சுவரில் மோதித் திரும்பி வந்து, அதையே அலைக்கழிக்கும். தரையை ஒட்டி ஓரடிக்குள் நிற்பதும் அதே காரணத்தால் கடினம். பயந்து தாழ்வாகவே பறப்பவர்களுக்குத்தான் அதிகம் உடைகிறது. புல்வெளியில் இடுப்புக்குச் சற்று மேலான உயரத்துக்குத் துணிந்து ஏற்றிவிடுங்கள், அங்கே காற்று சுத்தமாக இருக்கும். சென்னையில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் பறப்பது நல்லது. நண்பகல் நெருங்கக் கடற்காற்று எழுந்துவிட்டால் சிறிய மாடலுக்கு அன்றைய பயிற்சி முடிந்தது.

மொட்டை மாடி எண்ணத்தைக் கைவிடச் சொல்வதற்குக் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் காரணமல்ல. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகள், ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் கருத்தில் கொள்கின்றன. பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் ஓட்டப்படும் 25 கிலோ வரையிலான மாடல்களையும் அவை வரையறுக்கின்றன. 250 கிராம் வரையிலானவை நேனோ வகை. அவற்றை ஓட்ட விமானி உரிமம் தேவையில்லை. இடம் பற்றிய கட்டுப்பாடு வேறு. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரத்துக்குள்ளும், அதற்கு அப்பால், முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள்ளும் பறக்கலாம். வேளச்சேரி மீனம்பாக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வான்வெளி வரைபடத்தைத் திறந்து, நகருக்கு வெளியே பச்சையாக உள்ள திறந்தவெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நில உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வார நாள்களில் பழக, கூரை உயர்ந்த இறகுப்பந்து அரங்கு ஒன்றை ஒரு மணி நேர வாடகைக்கு எடுப்பது இந்த அளவு ஹெலிகாப்டருக்கு மிகப் பொருத்தமானது. காற்றே இல்லாத அந்த இடத்தில் ஒரு வாரம் கற்பதை வெளியில் கற்க ஒரு மாதம் பிடிக்கும்.

பேட்டரியைப் பற்றி அக்கறையோடு கேளுங்கள், ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கில் வீட்டுக்கு ஆபத்து வருவது இதனால்தான். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், பறந்து இறங்கி ஓய்ந்த பிறகு 3.7 வோல்டுக்குக் கீழே போகாதபடி டைமரை வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நான்கு நிமிடம் போதும். 450 எம்.ஏ.எச். பேட்டரியை 0.45 ஆம்பியரில் ஏற்றினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள். ஓடு பதித்த தரையில், திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத இடத்தில், நீங்கள் விழித்திருந்து பார்க்கும்போது மட்டும் ஏற்றுங்கள். இரண்டு மூன்று நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள். முழுதாக ஏற்றிவைத்தே மறந்த பேட்டரி உப்பிப்போகும். உப்பியதை மறுபடி ஏற்றவே கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. இந்த அளவு பேட்டரி ஆறு வாங்கிக்கொண்டால், ஒரு காலைப் பொழுதில் இருபது நிமிடத்துக்கு மேல் உண்மையாகப் பறந்த அனுபவம் கிடைக்கும்.

உங்கள் நண்பர் சொல்லும் டிரோன், படம் எடுக்க வேண்டுமென்றால் நல்ல கருவி. ஆனால் அது காற்றில் தானாகவே நிலையாக நின்றுகொள்வதால் நீங்கள் ஆசைப்படும் திறமையில் சிறு பங்கைக்கூடக் கற்றுத்தராது. பழைய 450 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் இப்போது வேண்டாம். ஷாஃப்ட் வளைந்திருப்பதையும் பேரிங் தேய்ந்திருப்பதையும் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு அடுத்த ஆண்டுதான் வரும்.

கடைசியாக, உங்கள் மகன். சிமுலேட்டரில் அவனுக்கும் உங்களுக்கும் சம நேரம் கொடுங்கள். அந்த வயதில் மூக்கு நம்மை நோக்கித் திரும்பிய நிலை நம்மைவிட விரைவில் வசப்படும். பொம்மை ஹெலிகாப்டர் இனி அவனுடையதாக இருக்கட்டும். திடலில் கே110ஐ அவன் கையில் கொடுக்கும் நாளில், நான்கு திசைகளிலும் இரண்டு நிமிடம் சிமுலேட்டரில் நிறுத்திக் காட்டியிருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரே விதியை வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இருவரும் அணிய வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும், ஒருபோதும் பக்கத்திலோ எதிரிலோ அல்ல. ரோட்டார் முழுதாக நின்று, ஹோல்ட் போட்டாயிற்று என்று ஓட்டுபவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே மற்றவர் ஹெலிகாப்டரை நோக்கி நடக்க வேண்டும்.